நாய்க்குட்டியும் பாற்பல்லும்

வீட்டுக்கு நாய்க்குட்டி ஒன்று வந்து இரண்டு மாதம் ஆகிறது. வந்த புதிதில் அது எல்லோருக்கும் செல்லம். மடியில் வைத்துக்கொள்ளப் போட்டி. பால் ஊற்றப் போட்டி. இப்போதோ அந்த வீட்டில் நாள்தோறும் ஒரு வழக்கு. அப்பாவின் புதுச் செருப்பில் ஒரு வாரைக் காணோம். பாட்டியின் கோரைப் பாய் ஓரமெல்லாம் நார்நாராகக் கிடக்கிறது. கணக்குப் புத்தகத்தைத் திறந்தால், விடைகள் அச்சிட்டிருந்த பக்கங்கள் மட்டும் இல்லை. எல்லா வழக்கிலும் குற்றவாளி ஒருவனே. தீர்ப்பும் ஒன்றே: "இந்தச் சனியனைக் கொண்டுபோய்த் தெருவில் விட்டுவிட்டு வா!"

தீர்ப்பை நிறைவேற்றுமுன் குற்றவாளியின் தரப்பையும் கேட்பதுதானே நீதி? அவனுக்கோ பேச வாய் இல்லை. இருக்கிற வாயிலும் தாங்க முடியாத குறுகுறுப்பு. ஆகவே அவன் சார்பில் சில சொற்கள் கூற நான் முன்வந்திருக்கிறேன்.

நாய்க்குட்டி பிறக்கும்போது அதன் வாயில் ஒரு பல்லும் இராது. கண் திறந்து, தள்ளாடி நடக்கத் தொடங்கும் மூன்றாவது நான்காவது வாரத்தில் பாற்பற்கள் தலைகாட்டுகின்றன. இரண்டு மாதம் நிறைவதற்குள் 28 பற்களும் வரிசையாக நின்றுவிடும். ஊசி முனைபோல் கூரிய பற்கள் அவை. மனிதக் குழந்தைக்குப் பாற்பற்கள் 20 என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். குழந்தைக்கு அப்பற்கள் விழத் தொடங்க ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எல்லாம் மாறி முடியப் பன்னிரண்டு வயதாகிறது. நாய்க்கு இயற்கை அவ்வளவு அவகாசம் தரவில்லை. மூன்று அல்லது நான்கு மாதத்தில் முன்வரிசை வெட்டுப்பற்கள் ஆட்டம் காண்கின்றன. அவற்றைத் தொடர்ந்து கோரைப்பற்களும் கடைவாய்ப்பற்களும் மாறுகின்றன. ஏறக்குறைய ஏழாவது மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்து அமைந்துவிடுகின்றன. நமக்கு ஆறு ஆண்டுகள் நடக்கும் வேலை நாய்க்கு நான்கு மாதத்தில் நடந்து முடிகிறது.

இந்த வேலை எவ்வாறு நடைபெறுகிறது? கீழே வளரும் நிலைப்பல் மேலே இருக்கும் பாற்பல்லின் வேரை நோக்கி எழும்புகிறது. வேர் சிறிது சிறிதாகக் கரைகிறது. பிடிப்பு இழந்த பாற்பல் ஒரு நாள் உதிர்கிறது. பெரும்பாலும் குட்டி அதைச் சோற்றோடு விழுங்கிவிடும், அதனால் தீங்கில்லை. விளையாட்டுப் பொருளில் சிறிது இரத்தக்கறை தெரிந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் புதிய பல் முளைத்த பின்னும் பழைய பல் அதன் பக்கத்திலேயே விழாமல் நின்றால், கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். சிற்றின நாய்களில் இது மிகுதி.

இந்த நான்கு மாதமும் ஈறுகள் சிவந்து தடிக்கின்றன. எதையாவது அழுத்திக் கடித்தால் அந்த இடத்துக்குச் சற்றே இதம் கிடைக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. நாம் ஒரு புதுப்பொருளைக் கண்டால் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கிறோம். நாய்க்குட்டிக்குக் கை ஏது? அதற்கு வாயே கை. உலகத்தை அது வாயால்தான் தொட்டுப் பார்க்கிறது. ஆகையால், குட்டியைப் பார்த்துக் "கடிக்காதே" என்பது, "வளராதே" என்று கட்டளையிடுவதற்கு ஒப்பாகும். கடிப்பதை நம்மால் தடுக்க முடியாது. எதைக் கடிக்கவேண்டும் என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்கலாம். அந்தத் தீர்மானத்தை நாம் செய்யாவிட்டால் குட்டியே செய்துகொள்ளும். அது செருப்போடு நின்றால் நமக்கு நட்டம். மின்கம்பியில் போய் முடிந்தால் அதற்கு உயிர் நட்டம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் மணி என்றொரு குட்டி வளர்ந்தது. தெருவில் பிறந்து எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு நான்கு மாதம் ஆனபோது மாம்பழக் காலம். உண்டு முடித்த ஒரு நாட்டு மாம்பழத்தின் கொட்டையை, "சப்பிக்கொண்டு கிடக்கட்டும்; செருப்பாவது பிழைக்கும்" என்று நான்தான் அதன்முன் போட்டேன். வெகுநேரம் அது அதனோடு மகிழ்ச்சியாக விளையாடியது. பின்பு கொட்டையைக் காணவில்லை. எங்கேயோ உருட்டிவிட்டது என்று எண்ணினோம். மறுநாள் வாந்தி. அதற்கு மறுநாள் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. "வெயில் கொடுமை" என்று சொல்லிக்கொண்டு மேலும் ஒரு நாளைக் கழித்தோம். மூன்றாம் நாள் மாலை மருத்துவர் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், அன்றிரவே அறுவைச் சிகிச்சை செய்தார். குடலை அடைத்திருந்த கொட்டையை ஒரு தட்டில் வைத்து எங்களிடம் காட்டி, "இதை யார் கொடுத்தது?" என்று கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. மணி பிழைத்துக்கொண்டது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் பிழைத்திராது என்று அவர் சொன்னது மட்டும் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

அன்பினால் கொடுத்த பொருள்தான் அது. அன்பு இருந்தது, ஆராய்ச்சி இல்லை. ஒரு பொருளைக் குட்டிக்குக் கொடுக்குமுன் நாம் நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விகள் நான்கு உண்டு.

முதற் கேள்வி: இது மிகக் கடினமானதா? நாயின் பல் இரும்பு போன்றது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. நம் பல்லின் மேலுள்ள எனாமல் என்னும் உறை சில இடங்களில் இரண்டரை மில்லிமீட்டர் வரை தடிப்பு உடையது. நாய்ப் பல்லின் எனாமல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு முறை உடைந்தால் அது மீண்டும் வளராது. நாயின் மேல்தாடையில் பக்கத்துக்கு ஒன்றாக ஒரு பெரும் பல் இருக்கிறது. கீழ்ப்பல்லோடு சேர்ந்து கத்தரிக்கோலைப் போல வெட்டுவது அதன் தொழில். கடினமான எலும்போ, மான்கொம்போ, குளம்போ இடையில் அகப்பட்டால், அப்பல்லின் வெளிப்பக்கம் ஒரு பலகைபோல் பெயர்ந்து விழுகிறது. உள்ளேயிருக்கும் நரம்பும் இரத்தக்குழாயும் வெளிப்படுகின்றன, கிருமி புகுகிறது, கண்ணுக்குக் கீழே வீக்கம் காண்கிறது. பாற்பல் உடைந்தாலும் விழப்போகிற பல்தானே என்று அலட்சியம் செய்யலாகாது. உடைந்த வழியே புகுந்த கிருமி, அடியில் வளரும் நிலைப்பல்லின் முளையையே கெடுத்துவிடக்கூடும்.

"காட்டில் ஓநாய் எலும்பைக் கடிக்கவில்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். கடிக்கிறதுதான். ஆனால் காட்டு விலங்குகளின் மண்டையோடுகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் உடைந்த பற்களையும் கண்டிருக்கிறார்கள். ஓநாய்க்கு வேறு வழியில்லை. நம் குட்டிக்கு வேறு வழி உண்டு.

கடினத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். உங்கள் கட்டைவிரல் நகமே போதும். பொருளின்மேல் நகத்தை ஊன்றி அழுத்துங்கள். சிறிதேனும் பதிந்து எழுந்தால் அது பல்லுக்கு இணங்கும். கொஞ்சமும் பதியவில்லையென்றால் விலக்கிவிடுங்கள். இந்தச் சோதனையில் கொட்டாங்கச்சி தோற்கிறது, பனங்கொட்டை தோற்கிறது, ஆட்டு எலும்பும் தோற்கிறது.

இரண்டாம் கேள்வி: இது விழுங்கக்கூடிய அளவா? குட்டியின் வாய்க்குள் முழுவதும் அடங்கும் எப்பொருளும் ஆபத்தானது. பந்து தொண்டையில் சிக்கினால் மூச்சு நின்றுவிடும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். இங்கே ஒன்றை மறக்கக்கூடாது. குட்டி வளரும்; பந்து வளராது. இரண்டாம் மாதத்தில் வாய் கொள்ளாமல் உருண்டோடிய பந்து, ஐந்தாம் மாதத்தில் தொண்டைக்குச் சரியாகப் பொருந்திவிடும். ஆகையால் விளையாட்டுப் பொருள்களை மாதத்துக்கு ஒரு முறை குட்டியின் வாயோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். டென்னிஸ் பந்தை எறிந்து விளையாடலாம், கடித்துக்கொண்டிருக்க விடலாகாது. அதன் மேலுள்ள கம்பளி, மண் படிந்தபின் உப்புத்தாள்போல் பற்களைத் தேய்த்துவிடும்.

மூன்றாம் கேள்வி: கடித்தால் இது என்ன ஆகும்? சில பொருள்கள் தேயும், சில சிதறும், சில நூல்நூலாகப் பிரியும். சமைத்த எலும்பு வெந்ததனால் ஈரம் இழந்து, முறியும்போது கூரிய சிம்புகளாகச் சிதறுகிறது. பிரியாணி எலும்பை நாய்க்குட்டிக்குப் போடுவது அதற்கு ஊசிகளைப் போடுவதற்குச் சமம். மரக்குச்சியும் சிம்பாகி மேலண்ணத்தில் குத்தும். சில சமயம் இருபுறக் கடைவாய்ப்பற்களுக்கும் இடையே குறுக்காகச் சிக்கிக்கொள்ளும். மக்காச்சோளத்தைத் தின்றபின் எஞ்சும் கட்டை செரிமானம் ஆவதில்லை. மாங்கொட்டை செய்த வேலையையே அதுவும் செய்யும். கீச்சென்று ஒலிக்கும் பொம்மையின் உள்ளிருக்கும் ஊதுகுழலும், துணிப் பொம்மையின் பொத்தான் கண்களும் பிய்ந்து வயிற்றுக்குப் போகும். கடைகளில் விற்கும் முறுக்கிய மாட்டுத்தோல் துண்டுகள் ஈரம் பட்டால் ஊறி உப்பும். குட்டி அவற்றைப் பெரிய துண்டாக விழுங்கினால் தொண்டையையோ குடலையோ அடைக்கும்.

இவை எல்லாவற்றினும் கொடியது நூல். கயிறு, சாக்கு இழை, தேங்காய் நார், தையல் நூல் ஆகியவற்றை நாம் ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. விழுங்கிய நூலின் ஒரு முனை எங்கேனும் பற்றிக்கொண்டால், குடல் அந்நூலின்மேல் பாவாடை நாடாவில் துணி சுருங்குவதுபோலச் சுருங்கிக்கொள்ளும். இறுகிய நூல் குடலை அறுத்தும் விடும். குட்டியின் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கக் கண்டால், ஒருபோதும் பிடித்து இழுக்காதீர்கள். அப்படியே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

நான்காம் கேள்வி: இதில் நஞ்சு உண்டா? நம் தோட்டத்து அரளி அழகாகப் பூக்கிறது. அதன் இலை, பட்டை, குச்சி எல்லாம் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பூச்சி உருண்டை நஞ்சு. கைக்கடிகாரத்திலும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் போன்ற மின்கலம் உள்ளே போனால் உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கும். பழைய வண்ணம் பூசிய மரப்பொம்மையில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தும் விதி 2017-ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பரண்மேல் கிடந்த பழைய பொம்மையைத் துடைத்துக் குட்டிக்குக் கொடுக்கவேண்டாம். நமக்கு உணவாகும் சில பொருள்களும் நாய்க்கு நஞ்சாகும். வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். சர்க்கரைக்கு மாற்றாகச் சில மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று தாழ்த்திவிடும்.

"இவ்வளவும் கூடாதென்றால், என்னதான் கொடுப்பது?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. விடை சுருக்கமானது; செலவும் மிகுதியன்று.

முதலில் ஒரு பருத்தித் துண்டு. இழை பிரியாத கெட்டித் துணியாக எடுத்து, நனைத்து, முறுக்கி, நடுவே ஒரு முடிச்சுப் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். சில்லென்று விறைத்தபின் குட்டியிடம் கொடுங்கள். குளிர்ச்சி ஈற்றின் வீக்கத்துக்கு இதம். துணியின் இணக்கம் பல்லுக்கு இதம். நீங்கள் பக்கத்திலேயே இருக்கவேண்டும். குளிர் நீங்கியதும், அல்லது ஒரு நூல் பிரிந்ததும், வாங்கி வைத்துவிடவேண்டும். வெறும் பனிக்கட்டியைக் கடிக்கக் கொடுக்கவேண்டாம், அதுவும் கல்லே.

அடுத்தது காரட். தடித்த முழுக் காரட்டைக் கழுவிக் குளிரவைத்துக் கொடுக்கலாம். கடித்துக் கடித்து, விழுங்கும் அளவுக்குக் குறுகியதும் எடுத்துவிடவேண்டும்.

மூன்றாவது, நாய்களுக்கென்றே கெட்டியான ரப்பரில் செய்த விளையாட்டுப் பொருள். இதன் பிறப்புக்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. 1970-களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவர் ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாயை வளர்த்துவந்தார். கல்லைக் கடித்துக் கடித்துத் தன் பற்களைத் தேய்த்துக்கொள்வது ஃபிரிட்ஸின் வழக்கம். எதைக் கொடுத்தாலும் அது கல்லை விடவில்லை. ஒரு நாள் மார்க்கம் தம் வோக்ஸ்வாகன் வண்டியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். கழற்றிப் போட்ட உதிரிகளுள் ஒரு ரப்பர்த் துண்டும் இருந்தது. ஃபிரிட்ஸ் அதைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. அத்துண்டின் வடிவத்தைப் பார்த்தே அவர் நாய்களுக்கான ரப்பர்ப் பொருள் ஒன்றை உருவாக்கினார். 'காங்' என்ற பெயரோடு அது இன்று பல நாடுகளில் விற்கிறது. நாய்க்குக் கடிக்கும் தேவை இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, பல்லுக்கு இணங்கும் பொருளை அதற்கு அளித்ததே அவர் செய்த நன்மை.

இத்தகைய ரப்பர்ப் பொருளின் நடுவே ஒரு குழி இருக்கும். அதில் உப்பில்லாத தயிர்ச் சோற்றையோ, வேகவைத்து மசித்த காரட்டையோ அடைத்துக் குளிரவைத்துக் கொடுத்தால், குட்டி நெடுநேரம் அதோடு உழைத்துக்கொண்டிருக்கும். வாங்கும்போது குட்டியின் வயதுக்கும் எடைக்கும் உரியதை வாங்கவேண்டும். குட்டிகளுக்கென்று சற்று மென்மையாகச் செய்ததும் உண்டு. ரப்பர்ச் செருப்பை இதற்கு மாற்றாகக் கருதவேண்டாம். அது துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து வயிற்றுக்குள் போகும். தவிரவும், பழைய செருப்பைக் கடிக்கக் கொடுத்தால், பழையது எது, புதியது எது என்று குட்டிக்கு எப்படித் தெரியும்? செருப்பு என்றால் கடிக்கும் பொருள் என்ற பாடத்தை நாமே கற்பித்தவர்கள் ஆவோம்.

நல்ல பொருள் கிடைத்தால் மட்டும் போதாது. கொடுக்கும் முறையும் தெரியவேண்டும். மூன்று நான்கு பொருள்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒன்றிரண்டை மட்டும் கொடுத்து மற்றவற்றை மறைத்துவையுங்கள். மறுநாள் அவை புதியனபோல் இனிக்கும். வாரம் இரண்டு முறை கழுவுங்கள். வெடிப்போ பிளவோ கண்டால் எறிந்துவிடுங்கள். குட்டி கூடாத பொருளைக் கவ்விக்கொண்டால் கத்தித் துரத்தாதீர்கள். துரத்தினால் அது விளையாட்டென்று எண்ணி ஓடும். பிடித்துப் பிடுங்கினால் அவசரத்தில் விழுங்கிவிடும். அதைவிட நல்லதொன்றைக் காட்டி, இதைப் பெற்றுக்கொள்ளுங்கள். பண்டமாற்று முறை நாய்க்குட்டிக்கு நன்றாக விளங்கும்.

விளையாட்டுப் பொருளாக ஒருபோதும் ஆகக்கூடாதது ஒன்று உண்டு. அது உங்கள் கை. சின்னக் குட்டிதானே என்று விரலைக் கடிக்கவிட்டுச் சிரிப்பது பல வீடுகளில் காணும் காட்சி. அந்தக் குட்டி ஆறு மாதத்தில் பெரிய நாயாகும். கற்ற பாடம் மாறாது. மேலும் நம் நாட்டில் வெறிநோய் இன்னும் ஒழியவில்லை. குட்டியின் பல் பட்டுத் தோல் கீறினாலும், உடனே ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லவேண்டும். வீட்டில் திட்டுவார்கள் என்று அஞ்சி மறைப்பது பேராபத்து. வெறிநோய் வெளிப்பட்டபின் அதற்கு மருந்து இல்லை; வெளிப்படுமுன் போடும் தடுப்பூசி உயிரைக் காக்கும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் அதற்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடவேண்டும்.

எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் தவறு நேரலாம். குட்டி மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தால், உணவை வெறுத்தால், வயிற்றைத் தொட்டால் முனகினால், மலம் கழிக்க முடியாமல் முக்கினால், எதையோ விழுங்கியிருக்கிறது என்று ஐயப்படுங்கள். உப்பு நீரைப் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். அந்த உப்பே அதற்கு நஞ்சாகும். நாம் உண்ணும் வலி மாத்திரையையும் கொடுக்காதீர்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெளியூர்களிலும் அரசுக் கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. மூன்று நாள் காத்திருந்த என் தவற்றை நீங்களும் செய்யவேண்டாம்.

இனி வழக்குக்கு வருவோம். செருப்பு போனது உண்மை. பாய் போனதும் உண்மை. ஆனால் குட்டி செய்தது குற்றமா? வளர்வதற்காக அது கடித்தது. கடிக்க ஏற்ற பொருளை நாம் கொடுக்கவில்லை. கடிக்கக்கூடாத பொருளை எட்டாத இடத்தில் வைக்கவுமில்லை. நான்கு மாதம் பொறுத்தால் பற்கள் நிலைபெறும், குறுகுறுப்பு அடங்கும். அந்த நான்கு மாதத்தைப் பொறுக்க மாட்டாமல் தெருவில் விடப்பட்ட குட்டிகளை நீங்கள் ஒவ்வொரு தெருமுனையிலும் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் ஒன்று உங்கள் வீட்டிலிருந்து போனதாக இருக்கவேண்டாம்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் குட்டியின் உயரத்துக்குக் குனிந்து வீட்டை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். மின்கம்பி தொங்குகிறதா? நூல்கண்டு கிடக்கிறதா? பால் உறையும் புட்டி மூடியும் உருள்கின்றனவா? எடுத்து அப்புறப்படுத்துங்கள். பிறகு ஒரு துண்டை நனைத்து முடிச்சுப் போடுங்கள். குற்றவாளிக்கு வழங்கவேண்டிய தீர்ப்பு அதுதான்.